வெளியில் என்ன எழுதியிருக்கும்

குளிருக்குக் கையுறை வாங்க வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். எங்களிடம் வாங்கியவர்கள் விலையைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பார்சலுக்கு வெளியில என்ன எழுதியிருக்கும்?"

"வண்டி உதிரி பாகம்னு எழுதியிருக்கும் சார்," என்பேன். மறுமுனையில் ஒரு மூச்சு இறங்கும். அந்த மூச்சுதான் எங்கள் வியாபாரம். கையுறை அதற்கு ஒரு சாக்கு.

உங்கள் காவலர் என்னை அழைத்து வரும்போது 'அந்த அசிங்கமான கடை' என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அதில் அசிங்கம் ஒன்றும் கிடையாது, இன்ஸ்பெக்டர் அம்மா. வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள். ஓர் அறையில் அலமாரி முழுக்கப் பெண்கள் அணியும் நீளக் கையுறைகள். தோல், பட்டு, வெல்வெட். இன்னோர் அறையில் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, நான். ஜன்னலைத் திறந்தால் கீழே யாராவது வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் நான் ஒரு மருத்துவமனையில் மனநல ஆலோசகராக இருந்தேன். நல்ல ஆலோசகர் என்று பெயர். வருவார்கள், அழுவார்கள், மனதில் உள்ளதையெல்லாம் கொட்டுவார்கள். கொஞ்ச நாளில் தேறிவிடுவார்கள். தேறியவர்கள் திரும்பி வருவதில்லை. தெருவில் எதிரே பார்த்தால் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு கடந்துவிடுவார்கள். ஆறு கடக்கும் வரைதான் அண்ணன் தம்பி, கடந்துவிட்டால் நீ யார் நான் யார் என்று சும்மாவா சொன்னார்கள். நான் குறையாகச் சொல்லவில்லை. குணமாவது என்றால் அதுதான். ஆனால் ஒவ்வொரு மாலையும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு கதவைப் பூட்டுவது ஒரு மாதிரியான வேலை.

முதலாளி என்னை அங்கேதான் பிடித்தார். கல்யாண உடைகள் விற்றுக்கொண்டிருந்தவர். நீளக் கையுறைகள் கொஞ்சம் விற்காமல் தேங்கிவிட, இணையத்தில் போட்டிருக்கிறார். ஆண்கள் வாங்கினார்கள். அதே ஆண்கள் திரும்பத் திரும்ப வாங்கினார்கள்.

"எனக்கு இவங்கள ஒண்ணும் புரியல. தாங்களே போட்டுக்கப் போறதும் இல்ல, கட்டினவளுக்குக் குடுக்கிறதும் இல்ல. வச்சு என்ன பண்றாங்க?" என்று கேட்டார்.

நான் விளக்கினேன். சிலருக்கு ஆசை நேராக நடக்காது, ஒரு பொருளின் விரலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். சிலருக்குச் செருப்பு, சிலருக்கு மழைக்கோட்டு, சிலருக்குக் கையுறை. ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. இது நோய் அல்ல. யாரையும் தொந்தரவு செய்யாதவரை இதில் மருந்து கொடுக்க ஒன்றுமில்லை. காலையில் எழுந்து பால் வாங்கி, வேலைக்குப் போய், பிள்ளைகளின் கணக்குப் பாடத்தில் தப்புக் கண்டுபிடிக்கிற சாதாரண மனிதர்கள்தான்.

"அப்ப இன்னும் அழகான கையுறையா தைக்கச் சொல்லலாமா?" என்றார்.

"கையுறை எங்க வேணும்னாலும் கிடைக்கும் சார். அவங்களுக்கு ஒளிஞ்சுக்க இடம் கிடைக்காது. அத விக்கலாம்," என்றேன்.

மறுமாதம் நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

அதுவரை எங்கள் இணையப் பக்கத்தில் 'நேர்த்தியான கையுறைகள்' என்றுதான் இருந்தது. நான் அதை எடுத்துவிட்டு, 'உங்கள் ரகசியம் எங்களிடம் பத்திரம்' என்று போட்டேன். முன்பெல்லாம் ஒரு பெரியவர் கூப்பிட்டு, "என்னம்மா, புதுசா என்ன வந்திருக்கு?" என்று காய்கறி கேட்பது போலச் சத்தமாகக் கேட்பார். அந்த வரி வந்த பிறகு அவரும் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார். ரகசியம், ரகசியம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் ஒன்றுமில்லாதவனுக்கும் ஒரு ரகசியம் முளைத்துவிடும். ஒற்றை உறையில் போன பார்சலை உறைக்குள் உறையாக அனுப்பச் சொன்னேன். ஒவ்வோர் உறையைப் பிரிக்கும்போதும் வாங்கியவருக்குத் தோன்ற வேண்டும்: இவ்வளவு மறைக்க வேண்டியதா நான் ஆசைப்பட்டது? படங்களில் கைகள் மட்டும் வரச் சொன்னேன். முகம் வந்தால் அது ஒரு மனுஷி என்று ஞாபகம் வந்துவிடும். சரக்கு கையிலிருந்தாலும் பார்சலைச் சில நாள் தாமதித்து அனுப்பச் சொன்னேன். காத்திருப்பவன் வேறு கடையைத் தேடமாட்டான்.

அதற்கப்புறம்தான் தொலைபேசி. 'யாரிடமும் சொல்ல முடியாததை எங்களிடம் சொல்லுங்கள்.' எதையும் பதிவு செய்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தோம். அந்த வாக்கை நாங்கள் மீறவில்லை. அதனால்தான் இன்று உங்களிடம் என் வாய்ச்சொல்லைத் தவிர வேறொன்றும் இல்லை.

கண்ணாடிக்காரர் அப்படித்தான் எனக்குப் பழக்கமானார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். மத்தியானத்தில், கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுக் கூப்பிடுவார். எடுத்த எடுப்பில், "சாப்பிட்டீங்களா மேடம்?" மற்றவர்கள் நேராகத் தங்கள் விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். இவர் ஊர்க்கதையெல்லாம் பேசுவார்.

"உங்களுக்கு ஒண்ணு தெரியுமா மேடம்? உலகத்துல யாருக்குமே ரெண்டு காதும் ஒரே உயரத்துல இல்ல. கண்ணாடி கோணலா இருக்குன்னு என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. காது கோணல்னு எப்படிச் சொல்றது?"

இருபத்து மூன்று வயதில் பஸ்ஸில் ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறார். எதிர் இருக்கையில் உட்கார்ந்து, பழுப்பு நிறத் தோல் கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினாளாம். "அடுத்த நிறுத்தத்துல இறங்கிட்டா மேடம். முகம் சுத்தமா ஞாபகமில்ல. கை மட்டும் இன்னும் இறங்கவே இல்ல," என்றார். அதற்குப் பிறகு கல்யாணம் ஆனது, கடை வந்தது, தலை நரைத்தது. எங்களிடம் வாங்கிய கையுறைகளை லென்ஸ் பெட்டிகளுக்கு அடியில் வைத்திருந்தார். எடுப்பார், முகர்ந்து பார்ப்பார், வைத்துவிடுவார். அவர் செய்த குற்றம் முழுக்க அவ்வளவுதான்.

"என் வீட்டுக்காரி பல் டாக்டர்கிட்ட உதவியாளரா இருக்கா. நாள் முழுக்கக் கையுறையோடதான் நிக்கிறா," என்று ஒரு நாள் சொல்லிச் சிரித்தார். "ஆனா அது ரப்பர் மேடம். ரப்பரப் பாத்தா எனக்குப் பல்வலிதான் ஞாபகம் வருது."

"அவங்ககிட்ட சொன்னதுண்டா?"

"ஐயையோ. கைகொட்டிச் சிரிப்பா."

"சிரிக்கத்தான் செய்வாங்க. வெளியில யாருக்கும் இது புரியாது சார். அதுக்குத்தான் நாங்க இருக்கோம்," என்றேன். இது நான் எல்லாருக்கும் சொல்வதுதான். ஆனால் அவரிடம் சொன்னபோது மனதாரச் சொன்னேன்.

ஏறக்குறைய இரண்டு வருடம் அப்படிப் போனது. ஒரு நாள் கூப்பிட்டார். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

"சொல்லிட்டேன் மேடம். அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சா மேடம். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. 'பாவி மனுஷா, லென்ஸ் பெட்டிய நான் தொட்டாலே மூஞ்சி வெளிறிப் போகுதே, வேற எங்கயோ ஒரு குடும்பம் வச்சிருக்கியோன்னுல்ல நெனச்சேன்! இதுக்கா இத்தனை வருஷம் பயந்து செத்த? எடுத்துட்டு வா, போட்டுத்தான் பாப்போம்'னா." அவர் குரல் எனக்குத் தெரியாத ஒருவருடைய குரல் போல இருந்தது. "இனிமே நான் கூப்பிடத் தேவையிருக்காது மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மட்டும் இல்லேன்னா எனக்குப் பேசுற தைரியமே வந்திருக்காது."

வாழ்த்துச் சொன்னேன். தொலைபேசியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலருகே நின்றேன். கீழே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி முதல் தடவையாகச் சுவரில் முட்டாமல் பின்னால் எடுத்துவிட்டு, தனக்குத்தானே கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அவருக்காக நான் கவலைப்பட்டேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். சிரிக்கிறவளிடம் ஒரு மனிதனின் மென்மையான இடம் போய் மாட்டிக்கொண்டது. இன்று சிரிப்பாள், நாளை சண்டையில் அதையே எடுத்து எறிவாள். நான் எத்தனை தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அந்த அம்மாவே நேரில் வந்தார். எங்கள் இடத்துக்கு யாரும் வருவதில்லை. பார்சலில் இருந்த முகவரியைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். கதவில் நின்றபடியே, "வண்டி உதிரி பாகத்துக்கு அளவு மாத்திக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அலமாரி அறையில் பார்சல் கட்டுகிற பெண்ணும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டாள். அந்த அறையில் அதற்கு முன் யாரும் சிரித்ததில்லை.

உள்ளே அழைத்து உட்காரவைத்தேன்.

"நீங்கதான் அந்த மேடமா? உங்களப் பத்தி ஒரேயடியா சொல்லிட்டே இருக்கார். நல்லா இருங்கம்மா. இந்த மனுஷனுக்கு வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள எனக்குப் பாதி ஆயுசு போயிடும்." பெரிய அளவை எடுத்துக் கொடுத்தேன். முழங்கை வரை ஏற்றிக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பல்லு புடுங்கப் போற மாதிரியே இருக்கு. வீட்டுல போட்டா என் தங்கச்சி பாத்துட்டு மானத்த வாங்குவா. அவ கண்ணுல படாம இருக்கணுமே."

"தங்கச்சி உங்களோடதான் இருக்காங்களா?"

"ஆமா. துணிக்கடையில வேலை. ரெண்டு வருஷமா எங்க வீட்டுலதான்."

"ஓ," என்றேன்.

இந்த 'ஓ' நான் யோசித்துச் சொன்னது. ஆலோசகர் வேலையில் முதலில் கற்றுக்கொள்வது எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத்தான்.

"ஏன்மா?"

"ஒண்ணுமில்ல. அவங்களப் பத்தி சார் சொல்லியிருக்கார்."

"என்னன்னு?"

"அவங்க கையப் பத்தி..." நிறுத்தினேன். "வேண்டாம்மா. ஒருத்தர் நம்பிச் சொன்னத வெளிய சொன்னா எங்க தொழிலுக்கே துரோகம். நீங்க மனசுல வச்சுக்காதீங்க. பொதுவா இது ஒரு இடத்துல நிக்காது, அவ்வளவுதான். சின்னவங்க வீட்டுல இருந்தா கொஞ்சம் கவனமா இருக்கிறது நல்லது."

நான் சொன்னது இவ்வளவுதான். எண்ணிப் பார்த்தால் ஒரு கைப்பிடி வார்த்தைகள்கூட இராது. அந்த அம்மா கையுறையைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாக. மேசைமேல் மடித்து வைத்துவிட்டு, "இது வேண்டாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

நல்லவள் என்று ஒப்புக்கொள்கிறேன். கெட்டவளாக இருந்தால் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டிருப்பாள், உண்மை வெளியே வந்திருக்கும். அவள் தங்கையின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று வாயைப் பூட்டிக்கொண்டாள். தங்கையை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் என்று கேட்ட கணவரிடம், "உனக்கே தெரியும். தெரியலேன்னா உன் மேடம்கிட்ட கேளு," என்றிருக்கிறாள்.

அவர் என்னிடம்தான் கேட்டார். மத்தியானம், கதவைப் பாதி இறக்கிவிட்டு.

"மேடம், ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. என் மச்சினியப் பத்தி நான் என்னிக்காவது உங்ககிட்ட ஏதாவது தப்பாப் பேசினேனா?"

இந்த இடத்தில் நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். பரவாயில்லை. அப்போது நான் "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் உடனே பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பார். அவர்கள் மூன்று பேரும் என்னைப் பற்றிப் பேசியிருப்பார்கள். கடைசியில் சிரித்திருப்பார்கள்.

"பேசினீங்க சார்," என்றேன்.

"என்ன பேசினேன்?"

"இப்ப அது எதுக்கு? அன்னிக்கு நீங்க ரொம்பக் களைப்பா இருந்தீங்க."

"எனக்கு ஞாபகமே இல்லையே மேடம்."

"மனசு அப்படித்தான் சார். தனக்குப் பிடிக்காதத எடுத்து ஒளிச்சு வச்சுக்கும். உங்க தப்பு இல்ல."

நீங்கள் படித்தவர், உங்களுக்குத் தெரியும். மனிதனுக்கு இல்லாத ஒரு நினைவைக் கொடுத்துவிட்டால் அதற்குக் கைகால் அவனே வைத்துக்கொள்வான். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டவர், "ஒரு நாள் அவ பாத்திரம் தேச்சுட்டு இருந்தப்ப நான் சமையலறை வாசல்ல நின்னேன் மேடம். தண்ணி குடிக்கத்தான் போனேன். ஆனா கையப் பாத்திருப்பேன்போல," என்றார். அப்புறம் "பாத்திருப்பேன்போல" என்பது "பாத்தேன்" ஆனது. நான் எதையும் சேர்க்கவில்லை. ம் கொட்டிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

தங்கைகள் இருவரும் காரணம் சொல்லாமல் வந்து நின்றதை வைத்துத் தானாகவே ஒன்றை ஊகித்துக்கொண்ட மைத்துனர் வந்து கடையில் கண்ணாடிச் சட்டங்கள் வைத்திருந்த தட்டுகளை வீதியில் கொட்டிவிட்டுப் போனார். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? பெண்கள் கடைக்கு வருவது நின்றது. கண்ணாடி பொருத்துகிறவன் காதுக்குப் பின்னால் தொட்டுத்தானே ஆக வேண்டும். அந்தக் கையை யாருக்கும் பிடிக்கவில்லை. அதன் பிறகு அவர் தினமும் கூப்பிட்டார், சில நாள் இரண்டு தடவை. கையுறை எதுவும் வாங்கவில்லை. இருந்ததையும் எரித்துவிட்டதாகச் சொன்னார். முதலாளிகூட, "வாங்காதவன்கிட்ட இவ்வளவு நேரம் எதுக்கு?" என்று முணுமுணுத்தார். ஆகவே நான் காசுக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த நாட்களில் நான் வேலைக்குச் சீக்கிரமே வந்துவிடுவேன். தலையைக்கூட நன்றாக வாரிக்கொள்வேன், தொலைபேசியில் யார் பார்க்கப் போகிறார்கள்.

கடைசியாகக் கூப்பிட்டபோது மிகவும் அமைதியாக இருந்தார்.

"மேடம், நான் எப்படிப்பட்டவன்?"

"உங்கள எனக்குத் தெரியும் சார். வேற யாருக்கும் தெரியாது."

"அப்ப நான் அப்படிப்பட்டவன்தான்."

நான் பதில் சொல்லவில்லை. எங்கள் பயிற்சியில் மௌனமும் ஓர் ஆலோசனைதான். நெடுநேரம் இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்டது. "சரி மேடம், நீங்க சாப்பிடுங்க," என்றார். அன்று சாயங்காலம் பக்கத்துக் கடைக்காரர் கதவை முழுக்கத் தூக்கிப் பார்த்திருக்கிறார். மற்றது உங்களுக்குத் தெரியும்.

அந்த அம்மா எனக்கு ஒரு தடவை போன் செய்தார். "இனிமேலாவது சொல்லுங்க. அவர் என்னதான் சொன்னார்? நான் செஞ்சது சரியா தப்பான்னு எனக்குத் தெரியணும்." அழவில்லை. "போனவரப் பத்திப் பேசறது பாவம்மா," என்று வைத்துவிட்டேன். ஆனால் தங்கைக்காரி விடவில்லை. அக்காவை உலுக்கி விஷயத்தை வாங்கியிருக்கிறாள். "என் கையையா? மாமாவா? நீ அத நம்பினியா?" என்று கேட்டவள்தான் இங்கே வந்து புகார் கொடுத்திருக்கிறாள். எந்தப் பிரிவில் எழுதுவது என்று உங்களுக்கே தெரியவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் யாரையும் தொடவில்லை. யாரிடமும் எதையும் பறிக்கவில்லை.

இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார். அவளுக்குத் தூரத்தில் இருப்பது தெரியாதாம். கண்ணாடி போட்டால் அழகு போய்விடும் என்று போடாமல் பஸ் நம்பரைத் தப்பாகப் படித்து ஏறிவிடுவாளாம். இருப்பதிலேயே மெலிதான சட்டமாக ஒன்றைத் தேடி வரவழைத்து வைத்திருந்தார். "புள்ள இல்லாத வீட்டுல ஒரு புள்ள மாதிரி மேடம் அவ. அவ பிறந்தநாளைக்குக் குடுத்து ஏமாத்திப் போட வைக்கணும்," என்றார். கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை நான்தான் சொன்னேன். அவர் நம்பும் வரைக்கும் சொன்னேன்.

இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பெண்டாட்டி போனாள், மச்சினி போனாள், வாடிக்கைக்காரர்கள் போனார்கள், தெருவே போனது. அத்தனை பேரும் கைவிட்ட பிறகும் அந்த மனிதர் கூப்பிட்டபோதெல்லாம் தவறாமல் எடுத்தவள் நான் ஒருத்திதான்.